மாடித் தொட்டித் தண்ணீருக்கு எந்த ஷவர்? எட்டு ஆண்டு அனுபவம்

2017-இல் மேடவாக்கத்தில் வீடு கட்டி முடித்தபோது, குளியலறைச் சாமான்கள் வாங்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிட்டோம். கடையின் நடுவில் எட்டு அங்குல வட்ட ஷவர் ஒன்றில் தண்ணீர் விட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஐப்பசி மழைபோலக் கொட்டியது. 2,800 ரூபாய் கொடுத்து வாங்கினோம். அதன் பின்னால் ஒரு மோட்டார் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தது என்பதும், எங்கள் வீட்டில் அப்படி எதுவும் இல்லை என்பதும் அப்போது மனதில் படவில்லை.

மாடிக் குளியலறையில் அதை மாட்டிய அன்று, நடுத் துளைகளிலிருந்து தண்ணீர் ஒன்றுகூடிக் கயிறுபோல இறங்கியது. ஓரத் துளைகள் சொட்டிக்கொண்டிருந்தன. என் மனைவி சீயக்காய் தேய்த்த தலையை அதில் அலச முடியாமல் வாளியும் குவளையும் கேட்டார். குழாயில் காற்று அடைத்திருக்கும், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார் பிளம்பர். சரியாகவில்லை. அடுத்த பத்து மாதங்கள் அந்த ஷவருக்குக் கீழே நின்று வாளியில் பிடித்துக் குளித்தோம்.

காரணம் எளிமையானது. மோட்டார் வைக்காத வீட்டில் ஷவருக்குக் கிடைக்கும் அழுத்தம் முழுவதும், தொட்டியின் நீர்மட்டத்துக்கும் ஷவருக்கும் இடையிலுள்ள உயரத்திலிருந்து வருகிறது. ஏறத்தாழ 33 அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால்தான் 1 பார் அழுத்தம் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). எங்கள் தொட்டி மொட்டை மாடியில் இரண்டடி செங்கல் மேடைமேல் இருக்கிறது. டேப் வைத்து அளந்தேன்: தொட்டி நிறைந்திருக்கும்போது மாடி ஷவருக்கு மேலே 9 அடி, காலியாகும் தறுவாயில் 5 அடி. அதாவது கால் பாரிலிருந்து அதில் பாதி வரைதான். கீழ்த்தளக் குளியலறைக்கு இன்னும் பத்தடி கூடுதலாகக் கிடைப்பதால் அரை பாரைத் தாண்டுகிறது. அட்டைப்பெட்டியில் பொடி எழுத்தில் குறைந்தபட்ச அழுத்தம் 1 பார் என்று அச்சிட்டிருந்தார்கள். அந்த ஒரு வரியைப் படித்திருந்தால் 2,800 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

ஆகவே என் முதல் வேண்டுகோள் இதுதான். கடைக்குப் போவதற்கு முன் ஒரு டேப்பும் 10 லிட்டர் வாளியும் எடுத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டத்தின் உயரத்தை அளந்து எழுதுங்கள். பிறகு ஷவரைக் கழற்றிவிட்டு, வெறும் குழாயில் வாளி எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். எங்கள் மாடியில் 42 நொடி ஆனது. அந்தப் பெரிய ஷவரை மாட்டி அளந்தபோது 58 நொடி. நிமிடத்துக்குப் பத்து லிட்டருக்கு மேல் வருகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. தண்ணீர் குறைவாக வருகிறது என்று நாங்கள் புலம்பிக்கொண்டிருந்தோம்; தண்ணீர் நிறையத்தான் வந்துகொண்டிருந்தது, வேகம்தான் இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட துளைகள் பகிர்ந்துகொள்ளும்போது ஒவ்வொன்றிலும் நீர் நடந்துதான் வரும். உடம்பில் படுவது வேகம், செலவாவது லிட்டர். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்த பிறகுதான் எனக்கு ஷவர் வாங்கத் தெரிந்தது.

கீசர் கணக்கும் இதே இடத்தில் உதைக்கிறது. 15 லிட்டர் கீசரில் 60 டிகிரிக்குக் காய்ந்த நீரை, மார்கழிக் காலைத் தொட்டித் தண்ணீரோடு கலந்தால் 40 டிகிரியில் சுமார் 35 லிட்டர் கிடைக்கும். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் என்றால் மூன்றரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். இரண்டாவதாகக் குளிக்கப் போகிறவருக்குப் பச்சைத் தண்ணீர்தான்.

2018-இல் இரண்டாவது ஷவர் வாங்கினேன். ‘உயர் அழுத்தம்’ என்று விற்கப்படும் வகை. முகத்தைத் திருப்பினால் ஐந்து விதமாகப் பொழியும். துளைகள் ஊசி முனை அளவு. முதல் வாரம் உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், எந்த ஷவரும் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. துளையைச் சிறிதாக்கி, இருக்கும் அழுத்தத்தைக் குழாயில் இழந்துவிடாமல் துளைவரை கொண்டுவருகிறது, அவ்வளவே. உள்ளே ஒரு சிறிய பிளாஸ்டிக் வில்லையும் இருந்தது. நீரோட்டத்தை மட்டுப்படுத்துவதற்காக வைப்பது. அமெரிக்காவில் 1994 முதல் ஷவரில் நிமிடத்துக்கு 2.5 காலன், அதாவது ஏறத்தாழ 9.5 லிட்டருக்கு மேல் வரக் கூடாது என்பது விதி. அந்த அளவு 5.5 பார் அழுத்தத்தில் சோதிக்கப்படுவது. அத்தகைய அழுத்தத்துக்கு வைக்கும் வில்லை, கால் பார் அழுத்தமுள்ள வீட்டில் தேவையே இல்லை. வில்லையைக் கழற்றியதும் வரத்து நன்றாகவே கூடியது.

ஆனால் நான்காவது மாதத்தில் ஊசித் துளைகள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. மீதித் துளைகளிலிருந்து தண்ணீர் பக்கவாட்டில் பீய்ச்சிச் சுவரையும் கதவையும் நனைத்தது. உப்பு.

நான் வளர்ந்தது கோயம்புத்தூரில், சிறுவாணித் தண்ணீர் வந்த தெருவில். அங்கே சோப்புப் போட்டால் நுரை போகவே நேரமாகும். ஷவரில் உப்புப் படிவதை நான் கண்டதே இல்லை. இங்கே எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தபோது மொத்தக் கடினத்தன்மை (நீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசிய உப்புகளின் அளவு) லிட்டருக்கு 640 மில்லிகிராம் என்று வந்தது. குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500, 200 மில்லிகிராம் போதும் என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. எங்கள் நீர் அதையும் தாண்டியது. இந்த நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடானால் கார்பனேட்டாக மாறிப் படியும். அதனால்தான் வெந்நீர் வரும் ஷவர் சீக்கிரம் அடைக்கிறது. குளித்து முடித்த பின் ஷவரின் முகத்துக்குள் தங்கும் நீர் உலர்ந்தும் உப்பை விட்டுச் செல்கிறது.

உப்பை எடுக்க முதலில் ஒரு பெரும் தவறு செய்தேன். கழிப்பறை கழுவும் ஆசிடைத் தடவினேன். உப்போடு சேர்த்துக் குரோம் பூச்சும் கறுத்து உரிந்தது. அந்த ஷவரைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இப்போது செய்வது இது: ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலத் தூளைக் கரைத்து, ஷவரின் முகத்தை அரை மணி நேரம் மூழ்க வைக்கிறேன். குமிழி வந்து அடங்கியதும் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் போய்விடுகிறது. கழற்ற முடியாத ஷவராக இருந்தால் பாலிதீன் பையில் வினிகரை ஊற்றி, முகம் மூழ்கும்படி ரப்பர் பேண்டால் கட்டிவிடலாம்.

இடையில் வடிகட்டி ஷவர் ஒன்றையும் வாங்கினேன். கைப்பிடிக்குள் பல நிறத்தில் உருண்டைகள். கடின நீரை மென்நீராக்கும், முடி உதிர்வது நிற்கும் என்றெல்லாம் அட்டையில் எழுதியிருந்தது. கடினத்தன்மையைக் குறைக்க அயனி மாற்றப் பிசின் (கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும் சிறு மணிகள்) வேண்டும், அதை அடிக்கடி உப்புக் கரைசலால் மீட்டெடுக்கவும் வேண்டும். ஒரு கைப்பிடி அளவு உருண்டையால் ஒரு குடும்பத்தின் குளியல் நீரை மாற்ற முடியாது. இவற்றில் சில குளோரினைக் குறைக்கக்கூடும். எங்கள் கிணற்று நீரில் குளோரினே கிடையாது. எனக்கு அது தந்த ஒரே மாற்றம், வரத்து இன்னும் குறைந்ததுதான். முடி உதிர்வால் கவலைப்படுகிறவர்களிடம் இப்படிப் பணம் பறிப்பது எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது.

2020-இல் ஷவரை விட்டுவிட்டுக் குழாயைப் பார்த்தேன். தொட்டி அடியில் இருந்த கேட் வால்வைக் கழற்றியபோது உள்ளே உப்பு மோதிரம்போல் படிந்து, வழி சுண்டுவிரல் அளவுக்குக் குறைந்திருந்தது. அதற்குப் பதிலாக முழு வழி திறக்கும் பந்து வால்வு (ball valve) வைத்து, தொட்டியிலிருந்து குளியலறை வரை முக்கால் அங்குலக் குழாயை ஒரு அங்குலமாக மாற்றி, இரண்டு எல்போக்களையும் (குழாய் வளைவுகளையும்) தவிர்த்தோம். வெறும் குழாயில் வாளி 30 நொடியில் நிரம்பியது. அழுத்தம் கூட்டும் மோட்டார் வைக்கலாம் என்று பலரும் சொன்னார்கள். அது நல்ல தீர்வுதான், பெரிய மழை ஷவர்தான் வேண்டும் என்பவருக்கு வேறு வழியும் இல்லை. மின்சாரம் போனால் ஷவரும் நின்றுவிடுமே என்றும், இரவில் அதன் சத்தத்தை எண்ணியும் நாங்கள் வைக்கவில்லை.

அதே மாதம் வாங்கியதுதான் இன்றும் மாடியில் இருக்கிறது. நான்கு அங்குல முகம், பித்தளை உடல், ஒரே விதமான பொழிவு, முப்பத்தாறு துளைகள். ஒவ்வொரு துளையிலும் சிலிகோன் ரப்பர் முனை. பெருவிரலால் தேய்த்தால் உப்பு உதிர்ந்துவிடும். விலை 950 ரூபாய். பூவாளியின் முகம்போலத்தான் இருக்கும், பார்க்க அழகில்லை. வாளி நிரம்ப 90 நொடி ஆகிறது, நிமிடத்துக்கு ஏழு லிட்டர்கூட இல்லை. ஆனால் தலைமுடி நன்றாக அலசுகிறது, கீசர் நீர் ஐந்து நிமிடத்துக்கு வருகிறது. ஐந்து ஆண்டுகளில் வாஷர் ஒன்றைத்தான் மாற்றியிருக்கிறேன். வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள்: கனமில்லாமல் இருந்தால் குரோம் பூசிய பிளாஸ்டிக். அதுவும் மோசமில்லை, ஆனால் திருகு மரை சீக்கிரம் தேயும். டெஃப்லான் டேப்பைச் சுற்றிக் கையால் மட்டும் இறுக்க வேண்டும்.

கீழ்த்தளக் குளியலறை அம்மாவுடையது. 2022-இல் அவருக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை நடந்த பிறகு, தலைக்கு மேலிருந்து கொட்டும் ஷவர் எதுவும் பயன்படவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, தையல் போட்ட இடம் நனையாமல் குளிக்கக் கை ஷவர்தான் உதவியது. ஒன்றரை மீட்டர் நீளக் குழல், கைப்பிடியிலேயே நீரை நிறுத்தும் பொத்தான். சோப்புப் போடும்போது அம்மாவே நிறுத்திக்கொள்வார். தாங்கியை ஆறரை அடியில் ஒன்றும், ஸ்டூலில் உட்கார்ந்தால் கைக்கு எட்டும்படி மூன்றரை அடியில் ஒன்றுமாக இரண்டு வைத்தோம். இந்த இரண்டாவது தாங்கிக்கு 150 ரூபாய் ஆனது. இந்த எட்டு ஆண்டுகளில் நான் குளியலறைக்குச் செய்த செலவுகளில் மிகவும் பயன்பட்டது அதுதான். வயதானவர் இருக்கும் வீட்டில் முதலில் இதைச் செய்யுங்கள். எஃகுப் பின்னல் குழலின் உள் ரப்பர் நட்டுக்கு அருகில் இரண்டு ஆண்டில் வெடித்தது. இப்போது தடிமனான பி.வி.சி. குழல் போட்டிருக்கிறோம், எளிதில் முறுக்கிக்கொள்வதில்லை.

ஒன்றை மட்டும் தாமதமாகக் கற்றோம். அம்மா எழுந்திருக்கும்போது கீழ்த் தாங்கியைப் பிடித்தார், திருகு சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. நல்லவேளை, நான் வாசலில் நின்றிருந்தேன். ஷவர் தாங்கி உடல் எடையைத் தாங்குவதற்கு அல்ல. மறுநாளே துருப்பிடிக்காத எஃகுக் கைப்பிடிக் கம்பி ஒன்றை, சுவர் ஓட்டோடு (டைல்ஸ்) நிற்காமல் செங்கலுக்குள் இறங்கும் நீளத் திருகுகளால் பொருத்தினோம். இப்போது அம்மா அதைப் பிடித்துத்தான் உட்காருகிறார், அதைப் பிடித்துத்தான் எழுகிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஷவரைச் சிட்ரிக் அமிலத்தில் போட்டுவிட்டு, அந்தத் திருகுகளை இறுக்கிப் பார்க்கிறேன்.