பழைய ஜன்னல் பெயிண்ட்: சுரண்டலாமா, மூடலாமா, மாற்றலாமா?

மார்கழி பாதியிலேயே தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற வேலை களைகட்டிவிடும். சுவருக்குச் சுண்ணாம்பு, கதவு ஜன்னலுக்கு எனாமல். தவழும் குழந்தை உள்ள வீடென்றால், அந்தக் கதவு ஜன்னலில் கை வைக்கும் முன் கொஞ்சம் யோசியுங்கள். பழைய பெயிண்டில் இருக்கும் ஈயம் குழந்தையின் அறிவு வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில், அதுவும் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, சிவப்பு நிறங்களில், ஈயம் ஏராளமாக இருக்க வாய்ப்புண்டு.

பெயிண்டர் அண்ணன் முதலில் சொல்வது சுரண்டத்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் புதுப் பெயிண்ட் நன்றாகப் பிடிக்கும், வேலையும் சீக்கிரம் முடியும். உண்மைதான். ஆனால் காய்ந்த பெயிண்டைத் தேய்க்கும்போது பறக்கிற தூசு, மைதா மாவு மாதிரி ஜன்னல் கட்டையிலும் தரையிலும் படியும். குழந்தை அதில் கை ஊன்றித் தவழும், அதே கையை வாயில் வைக்கும். வயிற்றுக்குள் போன ஈயத்தைப் பெரியவர்களைவிட 4, 5 மடங்கு அதிகமாகச் சின்ன உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். மிஷின் வைத்துத் தேய்ப்பதும் நெருப்புக் காட்டி உரிப்பதும் இன்னும் கேடு. இந்த வழியே வேண்டாம் என்பேன்.

மூடுவது செலவு குறைந்த நல்ல வழி. பெயிண்ட் உரியாமல் இருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, மேலேயே அடித்துவிடலாம். உரிந்த இடத்தை மட்டும் நன்றாக நனைத்துச் சுரண்டி, விழுந்ததை ஈரத்துணியில் அள்ளிவிட வேண்டும். டப்பாவில் 90 பிபிஎம் வாசகம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இதில் ஒரே குறை, திறந்து மூடும்போது மரமும் மரமும் உரசுகிற இடம். எத்தனை கோட் அடித்தாலும் அங்கே தேய்ந்து தூசு விழும்.

மாற்றினால் தொல்லை அடியோடு தீரும், ஆனால் காசு. பழைய சட்டத்தைப் பெயர்க்கும்போதும் தூசு பறக்கும். பெயர்த்த மரத்தை மட்டும் தயவுசெய்து வெந்நீர் அடுப்பில் வைத்துவிடாதீர்கள். புகையிலும் சாம்பலிலும் ஈயம் வரும்.

நான் சொல்வது: உரசித் தேய்கிற ஒன்றிரண்டு ஜன்னலை மாற்றுங்கள், மீதியை மூடுங்கள். வேலை முடிகிறவரை பிள்ளை பாட்டி வீட்டில் இருக்கட்டும். தரையைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

"எங்க பிள்ளைதான் தினமும் ராகிக் கூழ் குடிக்குதே" என்பவர்களுக்கு: ராகியின் கால்சியமும், அங்கன்வாடியில் தரும் இரும்புச்சத்து சிரப்பும் ஈயம் உடம்பில் ஏறுவதைக் குறைக்க உதவும். தொடர்ந்து கொடுங்கள். ஆனால் தூசு வீட்டில் இருக்கிறவரை அது துணைதான், மாற்று இல்லை.

ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் போதும் என்ற நினைப்பும் சரியில்லை. ஈயத்தை வெளியேற்றும் மருந்தைப் பொதுவாக ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) ரத்தத்தில் ஈயம் 45 மைக்ரோகிராம் தொட்டால்தான் கொடுப்பார்கள். கெட்டுப்போன அறிவு வளர்ச்சியை அது திருப்பித் தராது. ஆனால் ஏற்கெனவே சுரண்டி முடித்துவிட்ட வீடு, அப்பா ஈயம் உள்ள பழைய பேட்டரி உடைக்கும் வேலைக்குப் போகிற வீடு என்றால், குழந்தை டாக்டரிடம் சொல்லி ஈய அளவைக் கட்டாயம் பாருங்கள். 5 மைக்ரோகிராம் வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.