கரையோரத் தெரு எப்போது கிளம்பும்? எக்செல் வளைவா, ஏஜென்ட் மாடலா?

பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளில் காவிரி வெள்ளம் சொல்லாமல் வருவதில்லை. 2018லும் 2022லும் மேட்டூரிலிருந்து நொடிக்கு 2 லட்சம் கன அடி அளவில் உபரி நீர் இறங்கியபோதும் எச்சரிக்கை முன்பே வந்தது. அதனால் வெள்ளத்தின்போது தெரு எப்படிக் காலியாகும் என்று இங்கே கணினியில் மாடல் போடுகிறவர் முதலில் பிடிக்க வேண்டியது மக்கள் கிளம்பும் நேரத்தை. ஓடும் வேகமெல்லாம் அப்புறம்தான்.

எளிய வழி எக்செல் வளைவு. எச்சரிக்கை வந்த பிறகு மணிக்கு எத்தனை சதவீத வீடுகள் கிளம்பும் என்று எஸ் வடிவக் கோடு ஒன்றைப் போட்டு, வண்டிக் கணக்கோடு சேர்க்க வேண்டும். 120 வீடுகள், இரண்டு குட்டி யானை, நடைக்கு இரண்டு வீட்டுச் சாமான், ஏற்றி இறக்கித் திரும்ப 40 நிமிடம் என்று வையுங்கள். மணிக்கு ஆறு வீடு. தெரு காலியாக 20 மணி நேரம். கடைசி மூன்று மணி நேரத்தில் எல்லோரும் வண்டி கேட்டால் என்ன ஆகும் என்பது அரை மணி நேர வேலையில் தெரிந்துவிடும். வண்டி, மண்டபம், சாப்பாடு திட்டமிட இதுவே போதும். இதற்குப் போய் நிரல் எழுதுவது வெட்டி வேலை.

ஆனால் அந்தக் கோடு ஏன் அப்படி வளைகிறது என்று எக்செல்லிடம் கேட்க முடியாது. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1978ல் காட்டிய கணக்கை நம் தெருவுக்குக் கொண்டுவருவோம். நூறு வீடுகள். முதல் வீடு யாரையும் பார்க்காமல் கிளம்பும். அடுத்தது ஒரு வீடு போனால், அதற்கடுத்தது இரண்டு போனால், கடைசி வீடு 99 போனால் கிளம்பும். எத்தனை வீடு போனால் ஒரு வீடு கிளம்புமோ, அதுதான் அந்த வீட்டின் வரம்பு. சங்கிலி போல மொத்தத் தெருவும் காலியாகிவிடும். இப்போது 'ஒரு வீடு போனால் போதும்' என்றிருந்தவரை மட்டும் 'இரண்டு போகட்டும்' என்று மாற்றுங்கள். ஒரே வீடு கிளம்பும், 99 வீடுகள் உட்கார்ந்திருக்கும். வரம்புகளின் சராசரியோ அசைந்ததே தெரியாது. இப்படி வீடு வீடாகப் பார்க்க ஏற்றது ஏஜென்ட் மாடல்: ஒவ்வொரு வீட்டையும் அதனதன் விதியோடு கணினியில் தனித்தனியாக முடிவெடுக்க விடுவது. அதற்கான நெட்லோகோ மென்பொருள் இலவசம், ஒரு தெருவுக்கு அது தாராளம்.

ஏஜென்ட் என்பது ஆள் அல்ல, குடும்பம். ஆளாக வைத்தால் பள்ளிக்குப் போன பிள்ளை வராமலே அம்மா மண்டபத்தில் இருப்பார். ஒவ்வொரு வீட்டுக்கும் வாசற்படி உயரம், போன வெள்ளத்தின் சுவர்க்கறை, நடக்க முடியாத பெரியவர்கள், ஆடுமாடு, தறி எல்லாம் பதிவாக வேண்டும். பவானி ஜமக்காளக் குழித்தறியை மறந்தால் மாடல் பொய்த்துவிடும். நெசவாளி கால் வைக்கும் குழியில்தான் தண்ணீர் முதலில் ஊறும். ஆனால் தறியில் ஏற்றிய பாவு (நீளவாட்டு நூல்) பாதியில் நிற்கிறது. கூலிக்கு நெய்பவருக்கு அது அடுத்தவர் நூல். “போன தடவ படி வரைக்குந்தானுங்க வந்துச்சு” என்று அவர் உட்கார்ந்திருப்பது அறியாமையால் அல்ல. விதியாக எழுதினால்: தண்ணீர் பழைய கறையைத் தொடும்வரை, தறி உள்ள வீட்டின் வரம்பு கூடுதல்.

தவறு வழக்கமாக இரண்டு இடத்தில் நேரும். ஹெக்-ராஸ் என்ற வெள்ளக் கணக்கு மென்பொருள் தரும் நீர்மட்ட வரைபடத்தை ஏஜென்ட் முழுதாகப் படித்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத ஆபத்துக்கும் சமர்த்தாகக் கிளம்பிவிடும். தன் வாசலையும் தெருமுனையையும் மட்டும் காட்டுங்கள். அடுத்தது, மாடலை ஒரே முறை ஓட்டி அதை நம்புவது. குறைந்தது 200 முறை ஓட்டி, சராசரியை விட்டுவிட்டு, எத்தனை முறை பாதித் தெரு மாட்டியது என்று எண்ணுங்கள். கள ஆய்விலும் “எப்போது கிளம்புவீங்க?” என்று கேட்காமல், “போன தடவை யார் போனதைப் பார்த்துக் கிளம்பினீங்க?” என்று கேட்டால்தான் வரம்பு கிடைக்கும்.

ஹெல்பிங், மோல்னார் என்ற ஆய்வாளர்கள் 1995ல் கொடுத்த சமூக விசை மாடல், கூட்டத்தில் நடப்பவர்கள் ஒருவரையொருவர் விலகி எப்படி நகர்கிறார்கள் என்பதற்கானது. ஆடிப்பெருக்கு அன்று கூடுதுறைப் படித்துறைக்குப் பொருந்தும், தெருவுக்கு வேண்டாம். அதிலுள்ள நொடிக்கு 1.34 மீட்டர் என்ற நடைவேகம் உலர்ந்த சமதரைக்கானது. ஈரப் படிக்கு அப்படியே போட்டுவிடாதீர்கள்.

ஏஐ மொழி மாடல்களையே குடும்பங்களாகப் பேசவைப்பது இப்போதைய மோகம். பேச்சு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வெள்ளம் என்று சொன்னதுமே பொறுப்பாகப் பையைக் கட்டிவிடுகின்றன. வரம்பை அவற்றிடம் கேட்காதீர்கள். கள ஆய்வுக்கான கேள்விகளை எழுதவும், அவற்றைக் கொங்குப் பேச்சில் சரிபார்க்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.