ஆறு வயது வரை தெரப்பி, அதன்பின் பள்ளி: கோலாலம்பூரில் ஆட்டிசம் சேவைகள் ஓர் ஒப்பீடு

பிள்ளைக்கு ஆட்டிசம் என்று உறுதியானதும் சொந்தபந்தம் முழுக்கக் கேட்பது, "எந்த செண்டர் நல்லது?" என்றுதான். கேள்வியே கொஞ்சம் கோணல். அரசு மருத்துவமனை தெரப்பி, தனியார் மையம், தொண்டு அமைப்பு ஆகிய மூன்றும் ஏழு வயதுக்கு முன்தான் ஒன்றுக்கொன்று போட்டி. ஏழுக்குப் பிறகு போட்டியே வேறு: பள்ளியின் பிபிகேஐ எனும் சிறப்புக் கல்வி வகுப்பா, சாதாரண வகுப்பா, தனியார் மையத்திலேயே தொடர்வதா? பணம் அளவாகத்தான் இருக்கிறது என்றால் அதை மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள் செலவழித்துவிட்டு, பிறகு அரசுப் பள்ளிக்கு மாறுவதே புத்திசாலித்தனம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். "ஆம்பளப் பிள்ளை, பேச்சு லேட்டாத்தான் வரும்" என்று ஆறு வயது வரை காத்திருந்துவிட்டு, முதலாம் ஆண்டு நெருங்கும்போது பதறியடித்துக்கொண்டு மாதம் சில ஆயிரம் ரிங்கிட் வாங்கும் முழுநாள் மையத்தில் சேர்க்கிறார்கள்.

அரசு வழி கிளினிக் கெசிஹாத்தான் எனும் அரசு சுகாதார நிலையத்தில் தொடங்குகிறது. 18 மாதப் பரிசோதனையில், ஆட்டிச அறிகுறிகளைத் தேடும் எம்-சாட் கேள்வித்தாள் நிரப்பப்படும். அதில் சந்தேகம் வந்தால் குழந்தை நல நிபுணருக்கும், அங்கிருந்து அன்றாடச் செயல்களைப் பழக்கும் செயல்முறைத் தெரப்பிஸ்ட், பேச்சுத் தெரப்பிஸ்ட் ஆகியோருக்கும் அனுப்புவார்கள். கட்டணம் மிகக் குறைவு. ஓகேயூ கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை, இருந்தால் அதுவும் இல்லை. குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் இடைவெளி விழும். சந்திப்பு நடக்கும் முக்கால் மணி நேரத்தில் தெரப்பிஸ்ட் பிள்ளையோடு விளையாடுவதை வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தால் பலன் ஏறக்குறைய இல்லை. பிள்ளை சாப்பிடும்போதும் விளையாடும்போதும் இரண்டு நிமிட வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். அடுத்த சந்திப்பு வரை வீட்டில் செய்ய ஒரே ஒரு வேலை கேளுங்கள். ஐந்து கேட்டால் ஒன்றும் நடக்காது.

தனியார் மையங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அமர்வு அமர்வாக நடக்கும் பேச்சுத் தெரப்பி, செயல்முறைத் தெரப்பி. ஓர் அமர்வு 150 ரிங்கிட், வாரம் இரண்டு என்று வைத்தால் மாதம் 1,200. இந்த இரு தொழில்களும், துணை மருத்துவத் தொழில் செய்பவர்களைப் பதிவு செய்யும் 2016-ஆம் ஆண்டின் 774-ஆவது சட்டத்தின்கீழ் வருபவை. ஆகவே பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். மற்றது ஏபிஏ எனப்படும் நடத்தைப் பகுப்பாய்வு. இது அந்தச் சட்டத்தின் பட்டியலில் இல்லை. திட்டம் போடுபவர் நல்ல தகுதி பெற்றவராக இருக்கலாம். தினமும் பிள்ளையோடு உட்காருபவர் சில வாரப் பயிற்சியோடு வந்த இளைஞராக இருக்கலாம். விளம்பரப் பலகையில் முன்னவர் பெயர்தான் இருக்கும்.

வாரம் 40 மணி நேரம் என்று மையங்கள் சொல்லும் எண், 1987-இல் உளவியலாளர் லோவாஸ் வெளியிட்ட ஏபிஏ ஆய்விலிருந்து வந்தது. அந்தத் தீவிரப் பயிற்சியைப் பெற்றவர்கள் 19 பிள்ளைகள். பெற்றோருக்கும் பயிற்சி கொடுத்தார்கள், அதோடு இன்று யாரும் ஏற்காத தண்டனைகளும் அதில் இருந்தன. எண்ணை மட்டும் பெயர்த்து எடுத்துக்கொண்டு பெற்றோரைக் கதவுக்கு வெளியே உட்கார வைப்பது வியாபாரம். மையத்துக்குப் போனால் அரை மணி நேரம் உள்ளே உட்கார அனுமதி கேளுங்கள். அந்த நேரத்தில் யாரும் சொல்லாமல் பிள்ளைகள் தாங்களாகவே எத்தனை முறை எதையாவது கேட்டார்கள், காட்டினார்கள் என்று எண்ணுங்கள். பிறகு ஒரு பிள்ளையின் இலக்குத் தாளைப் பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். "தொடர்புத் திறன் மேம்பாடு" என்று மட்டும் இருந்தால் எழுந்து வந்துவிடலாம். "ஐந்தில் நான்கு முறை, உதவியின்றி, தண்ணீர்ப் படத்தை எடுத்து அம்மாவிடம் கொடுப்பான்" என்ற மாதிரி இருக்க வேண்டும். ஸ்டெம் செல் ஊசி, "ஆறு மாதத்தில் குணம்" என்று பேசும் இடத்தில் இந்த அரை மணி நேரமும் வீண்.

தொண்டு அமைப்புகளில் நாசோம் எனும் தேசிய ஆட்டிசம் சங்கம் பழையது. தலைநகர் வட்டாரத்திலும் பினாங்கிலும் மையங்கள் உண்டு. செந்தூலில் உள்ள அரசின் ஆட்டிசம் மையமான ஜீனியஸ் கூர்னியா 2016-இல் பெர்மாத்தா கூர்னியா என்ற பெயரில் தொடங்கியது. கட்டணம் தாங்கக்கூடியது, ஆனால் இடம் கிடைப்பது கடினம். ஆகவே உறுதி அறிக்கை வந்த வாரமே எல்லா இடத்திலும் பெயரைப் பதிந்துவிடுங்கள். இங்கே பெரும்பாலும் குழுவாகத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். பேச்சே இல்லாத மூன்று வயதுப் பிள்ளைக்கு இது குறைதான். வரிசையில் காத்திருக்கக் கற்க வேண்டிய ஐந்து வயதுப் பிள்ளைக்கோ இதுவே தனியார் மையத்தைவிட மேல்.

மொழி விஷயத்தில் எல்லா வழிகளுமே நம் குடும்பங்களைக் குழப்புகின்றன. வீட்டில் தமிழ், தெரப்பியில் ஆங்கிலம், பள்ளியில் மலாய். "வீட்டில் தமிழை நிறுத்துங்கள்" என்ற ஆலோசனையைக் கேட்க வேண்டியதில்லை. இருமொழிச் சூழல் ஆட்டிசப் பிள்ளையின் மொழி வளர்ச்சியைக் கெடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. பாட்டியிடம் பேச முடியாத ஆங்கிலம் பிள்ளைக்கு எதற்கு? பேச்சுக்குப் பதில் படத்தைக் கொடுத்துக் கேட்கும் பெக்ஸ் படஅட்டை பயன்படுத்தினால் மூன்று இடத்திலும் அதே படங்கள் இருக்கட்டும், சொல்லை மட்டும் அந்தந்த மொழியில் சொல்லலாம். மையத்தில் ஒரு தொகுப்பு, வீட்டில் வேறு தொகுப்பு என்று போவதால்தான் பல பிள்ளைகள் அட்டையைத் தூக்கி எறிகிறார்கள்.

இனி பள்ளி. பிபிகேஐ என்பது சாதாரணப் பள்ளிக்குள் இயங்கும் சிறப்புக் கல்வி வகுப்பு. கட்டணமில்லை, மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை வரும். ஆசிரியரோடு, பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் மாணவர் நிர்வாக உதவியாளரும் இருப்பார். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், கவனக்குறைவு எல்லாம் ஒரே அறையில் கலந்திருக்கும் என்பதால் சத்தம் தாங்காத பிள்ளை முதல் சில வாரம் திணறும். தமிழ்ப்பள்ளிகளில் பிபிகேஐ சிலவற்றில் மட்டுமே உண்டு. பெரும்பாலும் மலாய் வழித் தேசியப் பள்ளிதான் வாய்க்கும். வீட்டுக்கு அருகில் தமிழ்ப்பள்ளி வகுப்பு இருந்தால் அதையே முதலில் போய்ப் பாருங்கள். இல்லையென்றால் தமிழுக்காக தினமும் நெரிசலில் ஒரு மணி நேர வேன் பயணம் வேண்டாம், பிள்ளை பள்ளிக்குப் போய்ச் சேரும்போதே களைத்துவிடும்.

சாதாரண வகுப்பில் முழுநேரம் உட்கார வைப்பதைப் பலர் வெற்றியாக நினைக்கிறார்கள். முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் இருக்கும் வகுப்பில், உதவியாளர் இல்லாமல், கடைசி வரிசையில் அமைதியாக இருக்கும் பிள்ளை எதையும் கற்காமலே ஆண்டுகளைக் கடத்திவிடும். பிபிகேஐயில் சேர்த்து, கணக்கு, ஓவியம் போன்று வலுவான பாடத்துக்கு மட்டும் சாதாரண வகுப்புக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பது பலருக்குப் பொருந்தும். தனியார் மையத்திலேயே தொடர்வது, சுயதீங்கு போன்ற கடுமையான நடத்தை உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் நியாயம்.

பிபிகேஐயில் சேர்க்கும் வழி: மருத்துவர் உறுதி செய்த படிவத்தோடு சமூக நல இலாகாவில் ஓகேயூ பதிவு. ஆட்டிசம் அங்கே கற்றல் பிரச்சினைப் பிரிவில் வரும். பிறகு வட்டாரக் கல்வி அலுவலகம். கோலாலம்பூரில் பங்சார்–பூடு, கெராமாட், செந்தூல் என மூன்று. இந்த வேலைகளை ஐந்து வயதிலேயே முடித்துவிட வேண்டும். சேர்ந்தபின், 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி, மூன்று மாதத்துக்கு மேற்படாத சோதனைக் காலம் உண்டு. இந்தச் சமயத்தில்தான் பல இடங்கள் கைநழுவுகின்றன, காரணம் பாடமல்ல, கழிப்பறை. சேர்வதற்கு ஆறு மாதம் முன்பே, குந்தி உட்காரும் கழிப்பறையிலும் சேர்த்துப் பழக்குங்கள்.

வரி விலக்கைக் காட்டி விலையை நியாயப்படுத்தும் மையங்களிடம் கணக்குப் பேசுங்கள். 2025 வரி ஆண்டில், பிள்ளையின் மதிப்பீடு, தெரப்பி ஆகியவற்றின் செலவுக்கான வரம்பு 6,000 ரிங்கிட்டாக இருந்தது. அது வருமானத்தில்தான் கழியும்: அந்த 6,000-க்கு, 11 விழுக்காட்டு வரிப் படியில் இருப்பவருக்கு மிச்சம் 660, 6 விழுக்காட்டுப் படியில் 360. வரியே கட்டாத குடும்பத்துக்கு ஒன்றுமில்லை. ரசீதில் 774-ஆவது சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவரின் பெயர் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.