கண்ணாடிக் கடையா, இணையமா? பவர் சீட்டைப் பார்த்து முடிவு செய்வோம்

மூக்குக்கண்ணாடியின் விலையில் மூன்று செலவுகள் அடங்கியிருக்கின்றன: பிரேம், லென்ஸ், முகத்தில் அளவெடுத்துப் பொருத்தித் தரும் வேலை. வாங்குபவரின் கவனம் பெரும்பாலும் முதலாவதிலேயே நின்றுவிடுகிறது. இணையக் கடை மலிவாக விற்க முடிவதற்கு வாடகைச் செலவு குறைவு என்பது மட்டும் காரணமல்ல. மூன்றாவது வேலையை அது வாங்குபவரின் தலையிலேயே கட்டிவிடுகிறது. ஆகவே எந்த வழி மலிவு என்ற கேள்விக்கு, அந்த வேலை உங்கள் கண்ணுக்கு எவ்வளவு முக்கியம் என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

பவர் மூன்று டயாப்டருக்குள் (டயாப்டர் என்பது லென்ஸ் பவரின் அலகு), சிலிண்டர், அதாவது கருவிழியின் சீரற்ற வளைவைச் சரிசெய்யும் பவர், சிறிதளவு, தூரத்துக்கோ கிட்டத்துக்கோ ஒன்றுக்கு மட்டுமான லென்ஸ் என்றிருப்பவருக்கு இணையக் கடையே சிக்கனம் என்பது என் கருத்து. அவர் சரியாகத் தர வேண்டிய முக்கியமான அளவு ‘பி.டி.’, அதாவது இரு கண்மணிகளின் மையங்களுக்கு இடையிலான தூரம். பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இது 54 முதல் 74 மி.மீ. வரை இருக்கும். லென்ஸின் ஒளிமையம் கண்மணிக்கு நேராக அமையாவிட்டால், லென்ஸ் பட்டகத்தின் (ப்ரிஸம்) வேலையைச் செய்து ஒளியை விலக்கத் தொடங்கும். எவ்வளவு என்று அறிய, பிசகிய தூரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பவரால் பெருக்கினால் போதும். 3 மி.மீ. பிசகினால் 1.50 பவர் உள்ளவருக்கு விளைவது இந்த விலகலின் அலகில் 0.45 பட்டக டயாப்டர், 7.00 உள்ளவருக்கோ 2.1. முன்னதைப் பலர் உணரவே மாட்டார்கள். பின்னது தலைவலியையும் கண் அயர்ச்சியையும் கொண்டுவரக்கூடும். பரிசோதனை முடிந்ததும் பி.டி. அளவையும் சீட்டில் எழுதித் தரும்படி கேட்பது நல்லது. சிலர் தயங்குவார்கள், ஆனாலும் கேட்கலாம். பிரேமின் அளவுக்கு, இப்போது போட்டிருக்கும் கண்ணாடியின் கையின் உட்புறத்தைப் பார்த்தால் 52, 18, 140 என்பது போன்ற எண்கள் இருக்கும். லென்ஸின் அகலம், மூக்குப் பாலம், கையின் நீளம் ஆகியவற்றை மி.மீ. கணக்கில் அவை குறிக்கின்றன. அவற்றை ஒட்டியே புதியதையும் தேர்ந்தெடுத்தால் பொருந்தாமல் போகும் வாய்ப்பு குறையும்.

பவர் அதிகமானவர்களும் ப்ரோக்ரெஸிவ் லென்ஸ் தேவைப்படுபவர்களும் நேரில் சென்று வாங்குவதே, கூடுதல் விலையையும் சேர்த்துப் பார்த்தால்கூட, மலிவு என்று சொல்வேன். ப்ரோக்ரெஸிவ் லென்ஸில் மேலே தூரப் பார்வை, கீழே படிக்கும் பார்வை, நடுவே பவர் படிப்படியாக மாறும் குறுகிய பாதை. இரு ஓரங்களிலும் காட்சி சற்றுக் கலங்கியே தெரியும். அந்தப் பாதை கண்மணிக்கு நேர் கீழே இறங்க வேண்டுமென்றால், தேர்ந்தெடுத்த பிரேமை முகத்தில் மாட்டிய பிறகு கண்மணியின் உயரத்தை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே குறிக்க வேண்டும். வீட்டில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு இதைத் துல்லியமாகச் செய்துவிட முடியாது. நான்கு டயாப்டருக்கு மேல் போனால், லென்ஸுக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளி மாறினாலே பவரின் பலன் மாறிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கையை வளைத்து, மூக்குத் தாங்கியைச் சரிசெய்து தருவதும் பெரும்பாலான கடைகளில் விலைக்குள் அடக்கம்.

வெள்ளெழுத்து மட்டுமே உள்ளவருக்கு ரெடிமேட் கண்ணாடியைவிட மலிவானது வேறில்லை. இரு கண்ணுக்கும் ஒரே பவர், சிலிண்டர் கிடையாது, பி.டி. ஏதோவொரு சராசரி அளவு என்பதுதான் அதன் எல்லை. இரு கண்களும் ஒன்றுபோல் உள்ளவர் தாராளமாக வாங்கலாம். அதற்காகக் கண் பரிசோதனையைக் கைவிடக் கூடாது, ஏனெனில் கண் நீர் அழுத்த நோய் போன்றவை அறிகுறி காட்டாமலே முற்றக்கூடியவை.

பலர் எண்ணிப் பார்க்காத வழி, பழைய பிரேமில் லென்ஸை மட்டும் மாற்றிக்கொள்வது. பெயர்பெற்ற பிராண்டுகளின் பிரேம்கள் பலவற்றைத் தயாரிப்பவை ஒருசில பெருநிறுவனங்களே. ரே-பான், ஓக்லி இரண்டுமே எஸ்ஸிலார்-லக்ஸாட்டிகாவுக்குச் சொந்தமானவை. பெயருக்குத் தரும் பணத்தை ஒருமுறையோடு நிறுத்திக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. நாள்பட்ட பிளாஸ்டிக் பிரேம் மட்டும் லென்ஸைப் பொருத்தும்போது விரிசல் விடலாம் என்பதால், உடைந்தால் யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

எங்கே வாங்கினாலும் விலையை ஏற்றுவது கூடுதல் அம்சங்களே. 1.67 அல்லது 1.74 ஒளிவிலகல் எண் கொண்ட மெல்லிய லென்ஸ் உயர்ந்த பவருக்குத்தான் பயன், 2.00 பவருக்குச் சாதாரண 1.50 லென்ஸே போதும், அதில் ஓரங்களில் நிறம் பிரிவதும் குறைவு. பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன லென்ஸ் எளிதில் உடையாது என்பதால் குழந்தைகளுக்கும் விளையாடுபவர்களுக்கும் ஏற்றது. காட்சித் தெளிவில் அது சற்றுப் பின்தங்கியதே. எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சுக்குக் கொடுக்கும் பணம் வீணல்ல: சாதாரண லென்ஸின் இரு பரப்புகளிலும் சேர்த்துச் சுமார் 8 சதவீத ஒளி எதிரொளித்து வீணாகிறது, ஒளிவிலகல் எண் கூடிய லென்ஸில் அதைவிட அதிகம். நீல ஒளித் தடுப்புக்கோ நான் செலவிட மாட்டேன். 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2023ஆம் ஆண்டு மதிப்பாய்வு, கணினித் திரையால் வரும் கண் அயர்ச்சியைக் குறுகிய காலத்தில் அது சாதாரண லென்ஸைவிடக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே கூறியது.

இரண்டு வழிகளையும் சேர்த்துக்கொள்பவர்களும் உண்டு. ப்ரோக்ரெஸிவ் கண்ணாடியைக் கடையில் அளவெடுத்து வாங்கிய பிறகு, கணினிக்கோ படிப்பதற்கோ தனியாக வேண்டிய இரண்டாவது கண்ணாடியை, அந்தத் தூரத்துக்குரிய பவரையும் பி.டி.யையும் கேட்டுப் பெற்று, இணையத்தில் வாங்கிக்கொள்ளலாம். கிட்டப் பார்வைக்குரிய பி.டி. தூரப் பார்வைக்குரியதைவிடச் சில மி.மீ. குறைவாக இருக்கும் என்பதால், பழைய எண்ணையே கொடுத்துவிடக் கூடாது.