சேவைவழிக் கற்றல் சர்வே: எந்தச் சோதனைக்கு எவ்வளவு மதிப்பு?

சமூகத்துக்கு உதவும் வேலையின் வழியே பாடம் கற்பதுதான் சேவைவழிக் கற்றல். அதில் வளர்ந்த திறன்களை மாணவர்களிடமே கேட்டு அளக்கும் சர்வேக்களை எப்படிச் சோதிப்பது என்பதே இங்கே பேச்சு. "ஆல்ஃபா 0.87 வந்திருக்கிறது, ஆகவே எங்கள் வினாநிரல் ஏற்புடையது" என்று முடியும் அறிக்கைகளைப் படித்தாலே எனக்கு எரிச்சல் வரும். உளவியலாளர் குரோன்பாக் 1951இல் விளக்கிய ஆல்ஃபா என்ற எண், கேள்விகள் தங்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே காட்டும்; நினைத்த திறனைத்தான் அவை அளக்கின்றனவா என்று சொல்லாது. கேள்விகளுக்கிடையே சராசரி ஒட்டுறவு (விடைகள் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு) 0.3 என்று வைத்துக்கொள்வோம். 5 கேள்விக்கு ஆல்ஃபா சுமார் 0.68. அதே ரகத்தில் 15 கேள்வி கேட்டால் 0.87. தாளை நீட்டினாலே எண் ஏறிவிடுகிறது!

இந்தச் சர்வேக்களுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி? அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் 1995இல் தொடங்கிய எபிக்ஸ் போன்ற திட்டங்களில் மாணவர்கள் சமூக அமைப்புகளுக்காக நிஜமான கருவிகளை வடிவமைக்கிறார்கள். அங்கே பொறியியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் ஏபெட் அமைப்பு 2000ஆம் ஆண்டையொட்டிக் கொண்டுவந்த 11 கற்றல் விளைவுகளில் குழுப்பணி, தகவல்தொடர்பு, தொழில்நெறி எல்லாம் சேர்ந்துகொண்டன. கற்பித்ததற்கு ஆதாரம் காட்டியாக வேண்டும். சர்வேதான் மலிவான வழி.

அடுத்து காரணிப் பகுப்பாய்வு: எந்தக் கேள்விகளின் விடைகள் சேர்ந்து நகர்கின்றன என்று பார்த்து, அவற்றின் பின்னே இருக்கும் திறன்களை (காரணிகளை) ஊகிப்பது. புதிதாக எழுதிய வினாநிரலுக்கு, அமைப்பைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஆய்வுநிலை வகை. வேறிடத்தில் தேறியதை எடுத்தாண்டால், தெரிந்த அமைப்பு இங்கும் பொருந்துகிறதா என்று பார்க்கும் உறுதிப்படுத்தும் வகை. முதல் வகையில் கிடைத்த அமைப்பை அதே மாணவர்களின் விடைகளைக் கொண்டே 'உறுதிப்படுத்துவது' கண்துடைப்பு. 25 கேள்விக்கு 40 பேர்தான் இருந்தால் இரண்டையுமே தள்ளிவைக்கலாம்; அடுத்த ஆண்டு வேறு காரணிகள் முளைக்கும்.

என் ஓட்டு, பலரும் தாண்டிப்போகும் வாய்விட்டுச் சிந்திக்கும் நேர்காணலுக்கே. மாணவரை உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் மனத்தில் ஓடுவதைச் சொல்லச் சொல்வது. "என் கருத்தைத் தெளிவாக எடுத்துரைக்க முடியும்" என்ற வரியைப் பாருங்கள். ஒருவர் ஆசிரியர்முன் ஸ்லைடு காட்டியதை நினைத்து 4 மதிப்பெண் போடுவார். இன்னொருவர் சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் கருவியின் பூட்டு எப்படித் திறக்கும் என்று புரியவைத்ததை நினைத்து அதே 4 போடுவார். சேவைவழிக் கற்றல் வளர்க்க நினைப்பது இரண்டாவதை. எந்தப் புள்ளியியலும் இந்தக் குழப்பத்தைக் காட்டிக்கொடுக்காது. "குழுவோடு ஒத்துழைத்து, குறித்த நேரத்தில் முடிப்பேன்" போன்ற இரட்டைக் கேள்விகளும் இங்கேதான் மாட்டும். ஒத்துழைப்பார், ஆனால் தாமதமாக்குவார் என்றால் அவர் எதை டிக் செய்வது?

மாணவரின் விடையோடு ஒப்பிட ஒரு வெளி அளவுகோலும் வேண்டும்; தன்னைத்தானே மதிப்பிடுவதற்கு ஒரு வரம்பு உண்டு. பயனாளி அமைப்பின் மதிப்பீடு கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அவர்கள் பார்த்தது பெரும்பாலும் முன்வந்து பேசிய ஓரிருவரை. சக மாணவர்களின் மதிப்பீடு இதைவிடத் தேவலை.

கடைசியாக, முன்–பின் ஒப்பீடு. முதல் வாரத்தில் தன் குழுத்திறனுக்கு 4 போட்டவர், நிஜக் குழுவில் அடிபட்டபின் 3 போடுகிறார். திறன் குறையவில்லை, அவருடைய அளவுகோல் மாறியிருக்கிறது. இதற்கு மாற்றாக, முடிவில் "அன்று எப்படி, இன்று எப்படி" என்று சேர்த்தே கேட்கிறார்கள். அளவுகோல் சிக்கல் தீரும். ஆனால் வளர்ந்ததாகக் காட்டிக்கொள்ளும் ஆசை நுழைந்துவிடும். நானாக இருந்தால் முதல் வாரத் தாளையும் வாங்கிவைப்பேன், முடிவில் பின்னோக்கியும் கேட்பேன். இரண்டும் பெரிதாக முரண்படும் மாணவர்களைத்தான் முதலில் நேர்காணலுக்கு அழைப்பேன்.