பரணா, ஃபிரிட்ஜா, ஒயின் பெட்டியா?

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்பது பழைய அறிவுரை. அந்த அறை, பழைய ஐரோப்பியக் கல்வீட்டின் 16, 18 டிகிரி அறை. மே மாதச் சென்னையில் மின்விசிறி சுழன்றும் 34 டிகிரியில் புழுங்கும் நம் கூடத்துக்கு அது பொருந்தாது. பல ஆண்டுகள் வைத்திருக்க ஒயின் கேட்பது 12 முதல் 14 டிகிரி, இருட்டு, அசைவின்மை, 60–70 சதவீத ஈரப்பதம். நம் வீட்டில் இவற்றில் எது கிடைக்கும்?

பரணில் இருட்டு மட்டும் கிடைக்கும். மொட்டை மாடிச் சூடு நேராக இறங்கும் இடம் அது. பகலில் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும். இரவில் சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். நாசிக்கில் செய்த ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் இரண்டு புட்டிகளை ஒரு கோடை முழுவதும் அங்கே மறந்துவிட்டேன். கழுத்தில் பிசுபிசுவென்று ஒரு கோடு; திறந்தால் காய்ச்சிய ஜாம் வாசனை. இரவில் மட்டும் ஏசி ஓடும் படுக்கையறை பீரோவும் பெரிய முன்னேற்றமல்ல. அங்கேயும் வெப்பம் தினம் ஏறி இறங்கும்.

ஃபிரிட்ஜைப் பற்றி ஒயின் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள். நான் அதன் பக்கம். 4 டிகிரி குளிர் ஒயினைக் கெடுப்பதில்லை, முதிர்ச்சியை மந்தமாக்குகிறது, அவ்வளவுதான். 2010இல் பால்டிக் கடலில், ஓலந்து தீவுகளுக்கு அருகே, சுமார் 50 மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடந்த கப்பலிலிருந்து ஏறத்தாழ 170 ஆண்டுப் பழைய ஷாம்பெயின் புட்டிகளை எடுத்தார்கள். சிலவற்றை அப்போதும் அருந்த முடிந்தது. குளிரும் இருட்டும் செய்த வேலை. ஆனால் கடலடி ஈரம் ஃபிரிட்ஜில் இல்லை. உள்ளே காற்று வறண்டது, மாதக்கணக்கில் வைத்தால் தக்கை காயும். ஆறு மாதத்துக்குள் குடித்துவிடுபவருக்கு இது கவலையே அல்ல. திருகுமூடிப் புட்டிக்குத் தக்கைப் பிரச்சினையே இல்லை. கதவுத் தட்டு மட்டும் வேண்டாம், திறக்கும்போதெல்லாம் ஆடும், சூடேறும். கீழ்த்தட்டில் படுக்க வையுங்கள். புட்டியின் அடியில் கல்லுப்பு போலப் படிகம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது ஒயினிலேயே உள்ள டார்டாரிக் அமிலத்தின் உப்பு, தீங்கற்றது.

ஒயினுக்கென்றே விற்கும் பெட்டிகளில் இரண்டு வகை. விலை குறைந்தது பெரும்பாலும் பெல்டியர் வகை: மின்சாரம் பாய்ந்தால் தகட்டின் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். சத்தமில்லை, அதிர்வில்லை. விற்பவர் இதைத்தான் அழுத்திச் சொல்வார். வெளி வெப்பத்தைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரிதான் அதனால் குறைக்க முடியும் என்பதை அவரிடமிருந்து கேள்வி கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஊட்டியில் அருமை. கூடம் 36 டிகிரியில் இருக்கும் ஊரில் உள்ளே 24. அதற்கு எதற்குப் பணம்? கம்ப்ரசர் வகை லேசாக முனகும், விலையும் கூடுதல். ஆனால் எந்த வெயிலிலும் 12 டிகிரியைத் தொடும்.

அதையும் எல்லோரும் வாங்கத் தேவையில்லை. கடையில் கிடைக்கும் ஒயின்களில் பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுகளில் குடிப்பதற்கென்றே செய்யப்பட்டவை. ஐந்து, பத்து ஆண்டு காத்திருக்கத் தகுந்த புட்டிகள் ஒரு டஜன் சேர்ந்தால் கம்ப்ரசர் பெட்டியைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை ஃபிரிட்ஜ் போதும்.

திறந்த புட்டிக்கோ போட்டியே இல்லை. சிவப்பானாலும் வெள்ளையானாலும் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று முதல் ஐந்து நாள் தாங்கும். சிவப்பை அருந்துவதற்கு இருபது நிமிடம் முன்பு வெளியே எடுங்கள். மே மாதம் என்றால் பத்து.