குறுந்தொகைக்கு எது கைகொடுக்கும்: தொடரடைவா, டாபிக் மாடலிங்கா?

சங்கப் பாடல்களைக் கணினியில் ஆராய நினைப்பவர்கள் முன்னால் முக்கியமாக இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒரு சொல் வரும் இடங்களையெல்லாம் முன்பின் சொற்களோடு அடுக்கிக் காட்டுவது தொடரடைவு. எந்தெந்தச் சொற்கள் சேர்ந்து வருகின்றன என்று கணக்கிட்டு, தானாகவே சொற்குழுக்களைப் பிரித்துத் தருவது டாபிக் மாடலிங். குறுந்தொகையில் இரண்டையும் செய்து பார்த்த பிறகு நான் தொடரடைவிலேயே தங்கிவிட்டேன்.

முதலாவதுக்கு ஆன்ட்காங்க், இரண்டாவதுக்கு மாலெட் என்ற மென்பொருள் போதும். இரண்டும் இலவசம். மாலெட்டுக்குக் கட்டளைகளைத் தட்டச்சு செய்யப் பழக வேண்டும், அவ்வளவுதான். இரண்டிலும் முதல் வேலை ஒன்றே: எவையெல்லாம் சொல்லின் பகுதி என்று மென்பொருளுக்குச் சொல்வது. யூனிகோடில் புள்ளியும் உயிர்க்குறிகளும் 'எழுத்து' வகையில் சேராது, 'குறி' வகையில் வரும். எழுத்தை மட்டும் எடுக்கச் சொன்னால் 'தமிழ்' என்பது 'தம', 'ழ' என்று உடைந்துவிடும். குறி வகையையும் சேர்த்துவிட்டால் சரி.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: பிழை கண்ணுக்குத் தெரிகிறதா என்பது. ஆன்ட்காங்கில் 'நாட' என்று போட்டு நட்சத்திரக் குறி சேர்த்துத் தேடினால் நாட, நாடன், நாடனொடு எல்லாம் வரும். கூடவே நாடு, நாடி, நாட்டு என்பவையும் வந்து நிற்கும். கணினிக்கு 'டு' என்பது 'ட'வும் அதன் பின் ஓர் உகரக் குறியும்தான். வேண்டாதவை எதிரிலேயே இருப்பதால் தள்ளிவிடலாம். மிச்சத்தை இடப்பக்கச் சொல்லை வைத்து அடுக்கினால் 'சாரல் நாட', 'பெருந்தேன் இழைக்கும் நாடனொடு' என்று வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். தலைவனைச் சொல்லும் முன் அவனுடைய மலையைச் சொல்லும் வழக்கம் அப்படியே திரையில் தெரியும். ஒரு சொடுக்கில் முழுப்பாட்டுக்கும் போகலாம்.

டாபிக் மாடலிங்கில் இந்த வசதி இல்லை. நாடனும் நாடனொடும் அதற்கு இரண்டு வேறு சொற்கள். சேர்த்து எழுதிய 'மலைநாடன்' மூன்றாவது சொல். சந்தி பிரித்த பாடம் கொடுத்தாலும் வேற்றுமை உருபுகள் ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். குறுந்தொகையின் 401 பாட்டுகளும் பெரும்பாலும் 4 முதல் 8 அடிகள்தான். ஒரு பாட்டுக்குள் இவ்வளவு குறைவான சொற்கள் இருந்தால் எது எதோடு சேர்கிறது என்ற கணக்குக்கே பிடிமானம் கிடைப்பதில்லை. எத்தனை குழுக்கள் வேண்டும் என்பதையும் நாம்தான் சொல்ல வேண்டும். எண்ணை மாற்றினால் குழுக்களும் மாறும். கடைசியில் கைக்கு வருவது சொற்பட்டியல். அது பார்க்க ஒழுங்காகவே இருக்கும். அதில் எந்தச் சொல் தவறிப்போய் வந்து சேர்ந்தது என்று பட்டியலை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் பழைய நாளிதழ்கள் வேறு கதை. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால ரிச்மண்ட் நகர நாளிதழ் ஒன்றின் 1860 முதல் 1865 வரையான லட்சத்துக்கும் மேற்பட்ட செய்திகளையும் விளம்பரங்களையும் வரலாற்றாய்வாளர் ராபர்ட் நெல்சன் டாபிக் மாடலிங்கால் ஆராய்ந்தார். தப்பியோடிய அடிமைகளைத் தேடும் விளம்பரங்கள் எந்த மாதங்களில் கூடின, எப்போது குறைந்தன என்று அதில் பார்க்க முடிந்தது. அந்த அளவுக்குத் தொடரடைவு வரிகளை யாரும் உட்கார்ந்து படிக்க முடியாது. தமிழ் இதழ்களில் அவ்வளவு பெரிய தொகுப்பை நான் கையாண்டதில்லை. அங்கே என் தேர்வு மாறலாம்.